இறங்கும் வழியை முதலில் பாருங்கள்: சென்னையிலிருந்து மலையேறத் தொடங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு

உடற்குறையோடு மலைக்குப் போக நினைக்கும் எவரும் ஏற்றத்துக்கு முன்னால் இறக்கத்தைத் திட்டமிட வேண்டும். ஏறும் வழியில் களைத்தால் உட்கார்ந்து இளைப்பாறலாம்; வேண்டாம் என்று தோன்றினால் பாதியிலேயே திரும்பிவிடலாம். உச்சியில் நிற்கும்போது கால் ஓய்ந்துபோனால் மிச்சமிருப்பது இறக்கம் ஒன்றுதான், அதிலிருந்து தப்ப முடியாது. செயற்கைக் கால் அணிந்தவருக்கும், காலுக்குத் தாங்கலாக வெளியே கட்டும் காலிப்பர் போட்டவருக்கும், கட்டை ஊன்றி நடப்பவருக்கும் அதுதான் கடினமான பாதி. எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சில ஆண்டுகளாகச் சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு நண்பர்களோடு போய்வருகிறேன். புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்களையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பகுதி கால் குறைபாடு உள்ளவர்களுக்கானது; சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

மருத்துவரிடம் என்ன கேட்பது

"நான் மலை ஏறலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம்" என்றே பதில் வரும். கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கேளுங்கள். தொடர்ந்து 40 நிமிடம் படி ஏறினால் என் இதயமும் ரத்த அழுத்தமும் தாங்குமா? செயற்கைக் காலில் என் கால் நுழையும் இந்த சாக்கெட்டில் எங்கே அதிக அழுத்தம் விழுகிறது? நல்ல காலின் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது? இப்படிக் கேட்டால் மருத்துவரும் சோதித்துப் பார்த்துப் பதில் சொல்வார். கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள். மருத்துவர் "போகலாம்" என்று சொல்வார். எப்படிப் போவது என்பதைக் கற்றுக்கொடுப்பவர் பிசியோதெரபிஸ்ட்.

சமதரையில் நடக்கவே, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் மற்றவர்களைவிட ஏறத்தாழக் கால் பங்கு கூடுதல் சக்தி செலவழிக்கிறார். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது பாதிக்கும் மேல் கூடிவிடும். எனவே உங்களோடு வரும் நண்பரின் வேகத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள் எஞ்சியிருக்கும் பாதத்தின் உணர்ச்சியையும் இதயத்தையும் பரிசோதித்த பிறகே படிக்கட்டுப் பக்கம் போக வேண்டும்.

போலியோ வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிறு வயதில் வந்துபோன நோய் பல பத்தாண்டுகள் கழித்து, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த தசைகளையும் பலவீனப்படுத்துவது உண்டு. அளவுக்கு மீறிய பயிற்சி அதை மோசமாக்கும். பயிற்சி செய்த களைப்பு மறுநாள் காலைக்குள் தீர்ந்துவிட வேண்டும். இரண்டாம் நாளும் கால் கனத்தால் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். "வலித்தால்தான் பலம் வரும்" என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வதை இவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே கூடாது.

செயற்கைக் காலும் செருப்பும்

புதியவர்கள் முதலில் நல்ல ஷூ வாங்கப் போகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். செயற்கைக் காலை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்து கொடுத்திருப்பார்கள். அதைவிட உயரமான குதியுள்ள ஷூ போட்டால் கால் முன்னால் தள்ளும். முழங்கால் தானாக மடங்கப் பார்க்கும். குதி குறைவாக இருந்தால் கால் பின்னால் சாயும். முழங்கால் பின்பக்கமாக இழுபடும். சமதரையில் பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம் படியில் ஆளையே தள்ளிவிடும். புது ஷூவை எடுத்துக்கொண்டு, கால் செய்துகொடுத்தவரிடம் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் குன்றுகளில் பாதிக்கு மேல் கோயில் குன்றுகள் என்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. அடிவாரத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஷூவுக்காகச் சரிசெய்த கால், ஷூ இல்லாமல் பின்னால் சாய்ந்து நிற்கும். ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோடு நடப்பதையும் மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. மற்ற வகைப் பாதங்களில் பல அப்படி இல்லை. குதிகாலுக்கு அடியில் வைத்துக் கட்டிக்கொள்ள, ஷூவின் குதி உயரத்துக்குச் சமமாக ரப்பர் துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொல்லுங்கள். அதன்மேல் தடித்த காலுறை போட்டுக்கொண்டால் கோயில் வாசலில் எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். கேட்டால் கால்சட்டையைச் சற்றுத் தூக்கிக் காட்டி விளக்கினால் போதும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயில் ஏறிய கருங்கல் படியில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

அடுத்தது வியர்வை. சென்னையின் புழுக்கத்தில் தோலை ஒட்டி அணியும் உறையான லைனருக்குள் வியர்வை தேங்கி, சாக்கெட்டுக்குள் கால் வழுக்கும், லேசாகச் சுழலவும் செய்யும். அதே சமயம் நடக்க நடக்க எஞ்சிய காலின், அதாவது இழந்ததுபோக மிஞ்சியிருக்கும் பகுதியின், பருமன் குறையும்; காலையில் இறுக்கமாக இருந்த சாக்கெட் பத்து மணிக்குத் தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டும் சேர்ந்துதான் தோலை உரிக்கின்றன. நான் செய்வது இது: 40 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் உட்கார்ந்து காலைக் கழற்றுகிறேன். லைனரை உருட்டி எடுத்து உள்பக்கத்தைப் பருத்தித் துண்டால் ஒற்றுகிறேன். எஞ்சிய காலைத் துடைத்து, காற்றில் ஆறவிட்டு, கீழ்ப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடியில் பார்க்கிறேன். சிவந்த இடம் 10 நிமிடத்துக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டால் ஒரு மெல்லிய காலுறையைக் கூடுதலாகப் போட்டு மறுபடி அணிகிறேன். சிவப்பு மறையவில்லை என்றால் அன்றைக்கு ஏற்றம் அவ்வளவுதான். அப்படியே இறக்கம். வழியில் போவோர் நின்று பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கட்டை ஊன்றுபவர்களுக்கு உயிர்நாடி, அடியில் இருக்கும் ரப்பர் புஷ். தேய்ந்து வழவழப்பான புஷ்ஷோடு படிக்குப் போகாதீர்கள். இரண்டு புது புஷ் பையில் இருக்கட்டும். காலிப்பர் அணிபவர்கள் முந்தின நாளே முழங்கால் பூட்டையும் வார்களையும் திருகுகளையும் சோதித்துவிடுங்கள். ஒரு சிறு திருப்புளி, ஒட்டும் நாடா, கொஞ்சம் நைலான் கயிறு இருந்தால் பாதி வழியில் ஏற்படும் பழுதுகளில் பெரும்பாலானவற்றைத் தற்காலிகமாகச் சமாளித்துவிடலாம்.

தட்டையான ஊரில் பயிற்சி

சென்னை தட்டையான ஊர். ஆனால் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. மூன்று மாடி வீடு ஒன்று போதும். மின்சார ரயில் நிலையங்களின் நடைமேம்பாலங்கள் இன்னும் நல்லவை. இருபுறமும் கைப்பிடி உண்டு, கூட்டம் இல்லாத அதிகாலையில் நிதானமாகப் பழகலாம். அண்ணா நகர் கோபுரப் பூங்காவில் சுற்றிச் சுற்றி மேலே போகும் சாய்தளம், சரிவில் நடக்கப் பழக ஏற்ற இடம். பெசன்ட் நகர் கடற்கரை மணல் கணுக்காலையும் இடுப்பையும் நன்றாக வேலை வாங்கும். ஆனால் செயற்கைக் காலின் மூட்டுக்குள் மணல் புகாதபடி மேலே காலுறையை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

மாடியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது செயற்கைக் கால் அல்லது பலவீனமான கால் முதலில். இது பிசியோதெரபியின் பாலபாடம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இரண்டு திசையிலும் உடல் எடையைத் தாங்கி உழைப்பது ஒரே கால்தான். ஏறும்போது உங்களைத் தூக்குவது நல்ல கால். இறங்கும்போது முழங்காலை மெல்ல மடக்கி உங்களைக் கீழே இறக்கி வைப்பதும் அதே நல்ல கால். உச்சியை அடைந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது அது ஏற்கனவே பாதி நாள் வேலை பார்த்து முடித்திருக்கிறது. பயிற்சியில் ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் கொடுங்கள். லிப்ட்டில் மேலே போய்ப் படியில் மட்டும் இறங்கிப் பழகுங்கள். ஒரு படிக்கு இரண்டு வினாடி வீதம், தொம்மென்று விழாமல் இறங்க வேண்டும்.

மூன்று மாடியை நிற்காமல் ஐந்து முறை ஏறி இறங்கி, மறுநாள் காலை தோலிலும் மூட்டிலும் தொந்தரவு இல்லை என்றால் குன்றுக்குப் போகலாம்.

முதல் மலை: பரங்கிமலை

சென்னைக்காரர்களுக்கு முதல் மலையாக நான் பரங்கிமலையைத்தான் சொல்வேன். சுமார் 300 அடி உயரம். 130-க்கும் சற்று அதிகமான அகலப் படிகள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்தவை. வழிநெடுக 14 சிலுவைப் பாதை நிலைகள் இருப்பதால் நின்று இளைப்பாற இயல்பான இடங்கள் கிடைக்கின்றன. ஷூவோடு ஏறலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உச்சி வரை வாகனச் சாலை இருக்கிறது.

அந்தச் சாலைதான் உங்கள் இறங்கும் திட்டம். முதல் முறை போகும்போது படியில் ஏறிவிட்டு, இறங்குவதற்கு ஆட்டோவை மேலே வரச் சொல்லிவிடுங்கள். இதில் குறைவு எதுவும் இல்லை. இரண்டாம் முறை பாதி தூரம் வரை படியிலேயே இறங்கிப் பாருங்கள். முடியாவிட்டால் ஆட்டோ மேலே காத்திருக்கும் என்பதால் மெல்லத் திரும்பி ஏறிவிடலாம். மூன்றாம் முறை முழுவதும் இறங்குங்கள். கத்திப்பாராவையும் விமான நிலையத்தையும் மேலிருந்து பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1802-இல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அடிப்படையான நேர்கோட்டை அளந்தது இந்த மலையடிச் சமவெளியில்தான். அந்த அளவை வடக்கே நீண்டு சென்றுதான் எவரெஸ்ட் உலகின் மிக உயர்ந்த சிகரம் என்ற கணக்கு 1856-இல் வெளிவந்தது. பரங்கிமலையில் தொடங்குவது சின்னத் தொடக்கம் அல்ல.

அதன்பிறகு படிப்படியாகக் கூட்டலாம். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் முருகன் கோயிலுக்கு 84 படிகள். வெறுங்காலோடு ஏறிப் பழக இதைவிட எளிய இடம் கிடைப்பது அரிது. திருத்தணியில் 365 படிகள். மேலே சாலை உண்டு, சென்னையிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். ஆடிக் கிருத்திகையன்றும் மற்ற கிருத்திகை நாட்களிலும் போகாதீர்கள். கூட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது கட்டை ஊன்றுபவரால் நிதானிக்க முடியாது. சோளிங்கர் பெரிய மலைக்கு 1,300-க்கும் மேற்பட்ட படிகள். 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. ஏற்றம் படியில், இறக்கம் ரோப் காரில் என்று வைத்துக்கொண்டால் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட வசதியான பெரிய மலை இந்தப் பக்கத்தில் இல்லை. புறப்படும் நாளன்று காலையில் அது ஓடுகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே குரங்குகள் அதிகம். இரண்டு கையிலும் கட்டை இருக்கும்போது பையைத் தோளில் தொங்கவிட்டால் அவை இழுக்கும் இழுப்பில் விழுந்துவிடுவோம். சாப்பாடு, பூ, பழம் எதுவும் உங்கள் உடம்பில் இருக்க வேண்டாம். உடன் வருபவர் கொண்டுவரட்டும்.

திருக்கழுக்குன்றத்தைக் கடைசியாக வையுங்கள். 500-க்கும் மேற்பட்ட படிகள். சாலையும் இல்லை, ரோப் காரும் இல்லை. அங்கே ஏற ஒரு வழி, இறங்க வேறொரு வழி. ஏறும்போதே எந்தப் படி உடைந்திருக்கிறது, எங்கே கைப்பிடி இல்லை என்று இறக்கத்துக்காகப் பார்த்துவைக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்காது. உடன் வருபவர் ஒருவரை முன்கூட்டியே இறங்கும் வழியில் அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

இறக்கம்

ஏறும்போது ஒவ்வொரு இளைப்பாறலுக்குப் பிறகும் ஒரு சோதனை செய்யுங்கள். திரும்பி நின்று, ஐந்து படி மிக மெதுவாக இறங்குங்கள். நல்ல காலின் தொடை நடுங்கினாலோ, கடைசி அங்குலத்தில் கால் தொப்பென்று விழுந்தாலோ அங்கேயே ஏற்றத்தை நிறுத்திவிடுங்கள். உச்சி இன்னும் இருபது படிதான் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த இருபது படியை இறங்கவும் வேண்டும்.

கைப்பிடி இருக்கும் பக்கமாகவே இறங்குங்கள். இரண்டு கட்டை ஊன்றுபவர் ஒன்றை உடன் வருபவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கட்டையையும் பிடிக்கலாம். கம்பி இல்லாத இடத்தில் முதலில் கட்டைகள் கீழ்ப்படிக்கு, பிறகு பலவீனமான கால், கடைசியில் நல்ல கால். உயரம் மாற்றக்கூடிய ஊன்றுகோல் என்றால் ஏறும்போது ஒரு துளை குறைத்தும் இறங்கும்போது ஒரு துளை கூட்டியும் வைத்தால் முதுகு வளைய வேண்டியதில்லை. படி இல்லாத சரிவில் நேராக இறங்கக் கூடாது. செயற்கைக் காலின் கணுக்கால் போதுமான அளவு மடங்காது என்பதால் உடல் முன்னால் சாயும். பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். செயற்கைக் கால் பள்ளத்தின் பக்கம், நல்ல கால் மேட்டின் பக்கம். கீழ்க்காலை ஒரு சாண் இறக்கி வைத்து, எடை தாங்குகிறதா என்று பார்த்து, மேல்காலை அதன் அருகே கொண்டுவாருங்கள்.

பாறையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்குவதும் நல்ல முறைதான். தடித்த கால்சட்டையும் கையுறையும் வேண்டும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. உராய்வது தெரியாமலே புண்ணாகிவிடும்.

உடன் வருபவர்கள்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உங்களுக்கு ஒரு படி கீழே, பலவீனமான பக்கமாக. மற்றவர் பையோடு பின்னால். அவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம், உங்களைப் பிடிக்காமல் இருப்பது. தடுமாறும்போது பதற்றத்தில் மேற்கையைப் பிடித்து இழுத்தால் ஊன்றுகோல் தரையைவிட்டுக் கிளம்பிவிடும். அதோடு இருவரும் விழுவீர்கள். தேவைப்படும்போது நீங்கள்தான் அவர் தோளைப் பிடிக்க வேண்டும். இடுப்பில் ஓர் அகலமான வார் கட்டிக்கொண்டால் அவசரத்துக்கு அவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

கோயில் படியில் முன்பின் தெரியாத பெரியவர்கள் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். "ஐயோ பாவம், சாமியை மனதிலேயே கும்பிட்டுக்கொள்ளக் கூடாதா?" என்றும் கேட்பார்கள். அன்பினால் செய்கிறார்கள், கோபப்பட வேண்டியதில்லை. ஆனால் உடனே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது இது: "அம்மா, ரொம்ப நன்றி. கையைப் பிடித்தால் எனக்குத் தடுமாறும். நீங்கள் ஒரு படி கீழே நின்றாலே எனக்குத் தைரியம்." பெரும்பாலானவர்கள் புரிந்துகொண்டு அப்படியே நிற்பார்கள்.

வெயில், தண்ணீர், கழிப்பறை

காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருந்து, ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். ஜனவரியும் பிப்ரவரியின் முதல் பாதியும் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையின்போது படிகளில் பாசி பிடித்திருக்கும். காலை இழந்தவர்களுக்கு வியர்த்துக் குளிரத் தேவையான தோல் பரப்பும் குறைவு, சாக்கெட்டும் மூடிக்கொண்டிருக்கும். ஆகையால் உடல் சீக்கிரம் சூடாகும். முதுகுத்தண்டு காயம் அடைந்தவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பதே நின்றுபோயிருக்கலாம். கழுத்திலும் முகத்திலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெண்கள் பலர் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். இது ஆபத்து. குந்தி உட்காரும் கழிப்பறையைச் செயற்கைக் காலோடு பயன்படுத்துவது பலருக்கு முடியாத காரியம். நடுவில் ஓட்டை உள்ள மடக்கு நாற்காலியும் ஒரு பெரிய துணியும் வண்டியில் இருந்தால் இந்தக் கவலை தீரும். கூச்சம் பார்க்காமல் இதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே குழுவில் பேசிவிடுங்கள்.

நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டில் காயம் உள்ளவர்களுக்குத் திடீரென்று கடும் தலைவலி, முகம் சிவப்பது, நெற்றியில் வியர்வை ஆகியவை வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கக் கூடும். நிமிர்ந்து உட்கார வைத்து, வார்களையும் இறுக்கமான உடையையும் தளர்த்தி, சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். சரியாகாவிட்டால் உடனே 108.

சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கு

பரங்கிமலைச் சாலையும் அண்ணா நகர்க் கோபுரத்தின் சாய்தளமும் தொடங்க நல்ல இடங்கள். போவதற்கு முன் யாரையாவது அனுப்பி வழியையும் நுழைவாயிலின் அகலத்தையும் பார்த்துவரச் சொல்லுங்கள். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, உடன் வருபவர் கீழ்ப்பக்கம் நின்று தாங்கியபடி இறக்க வேண்டும். மேல்பக்கம் இன்னொருவர், சட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். கையால் சக்கரத்தைப் பிடித்து வேகம் குறைத்தால் உள்ளங்கை வெந்துவிடும். தோல் கையுறை அவசியம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறையுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோமோஷன் நிறுவனம் சக்கர நாற்காலியோடு பொருத்தும் மோட்டார் இணைப்பை விற்கிறது. மலைச் சாலைக்கு அதைக் கொண்டுபோவதற்கு முன் பிரேக்கைச் சிறிய சரிவில் பலமுறை சோதித்துப் பாருங்கள்.

காட்டுக்குள் போவதானால்

அனுமதி இல்லாமல் காட்டு மலைக்குப் போகவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. நல்ல கால் உள்ளவர்களாலேயே ஓடித் தப்ப முடியவில்லை. அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் உங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். "எளிது" என்ற சொல் இரண்டு காலும் உள்ளவரை மனதில் வைத்து எழுதியது. எங்கே தரை சரளை, எங்கே ஓடையைக் கடக்க வேண்டும், பாதியில் திரும்பினால் வாகனம் எங்கே வரும் என்று வழிகாட்டியிடம் கேட்டு வாங்குங்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகே குடியம் குகைப் பாதை இருக்கிறது. கற்கால மனிதர் வாழ்ந்த இடம். ஏற்றம் பெரிதாக இல்லை, ஆனால் தரையெங்கும் உருண்டைக் கூழாங்கற்கள். கட்டையின் கீழே அவை உருளும். ஊன்றுகோலைச் சாய்வாக வைக்காமல் செங்குத்தாக ஊன்றி, ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்த்து அடி எடுத்து வையுங்கள்.

இன்னும் உயரத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி திறந்துதான் இருக்கிறது. ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு இடது காலை இழந்த அருணிமா சின்ஹா, சம்பவம் நடந்து இரண்டே ஆண்டுகளில், 2013 மே 21 அன்று எவரெஸ்ட் ஏறினார். 2017 இறுதியில் நேபாள அரசு இரண்டு காலும் இல்லாதவர்கள் எவரெஸ்ட் ஏறத் தடை போட்டது. மறு ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. முழங்காலுக்கு மேல் இரண்டு கால்களையும் இழந்த ஹரி புத்த மகர் 2023 மே மாதம் உச்சியில் நின்றார். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான சுவரேற்றம் முதன்முறையாக இடம்பெறுகிறது. கால் பலமில்லாமல் கை பலம் உள்ள இளைஞர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். கயிறு கட்டி ஏறும் சுவரில் இறக்கம் கயிற்றில் தொங்கியபடியே முடிந்துவிடுகிறது. நம் பெரிய தொல்லை அங்கே இல்லை.

வீடு திரும்பிய பிறகு

அன்று மாலையே எஞ்சிய காலை மிதமான சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, கண்ணாடியில் எல்லாப் பக்கமும் பாருங்கள். லைனரைக் கழுவி நிழலில் காயப்போடுங்கள். அன்றிரவு, இழந்த கால் இன்னும் இருப்பதுபோல் அதில் தோன்றும் வலி சற்றுக் கூடலாம். பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் குறையாவிட்டால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் அது காய்ந்து ஆறும்வரை செயற்கைக் கால் வேண்டாம், கட்டையோடு நடங்கள். அலுவலகத்துக்குப் போக வேண்டுமே என்று கொப்புளத்தின் மேல் சாக்கெட்டை மாட்டியவர்கள் வாரக்கணக்கில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: ஏற எவ்வளவு நேரம், இறங்க எவ்வளவு நேரம், எந்த இடத்தில் காலுறை கூட்டினீர்கள், எங்கே தொடை நடுங்கியது. இறங்க எடுத்த நேரம் ஏற எடுத்த நேரத்தைவிட அதிகமாக இருக்கும் வரை அடுத்த மலைக்கு மாறாதீர்கள். அதே மலைக்கே மறுபடி போங்கள்.